கதவைத் திறக்கத் தெரியாதவர்கள்

போன மாதம் திண்டுக்கல்லுக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள். வயது 73. அத்தான் காலமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் இருந்த காலத்திலேயே வீட்டு வரவு செலவெல்லாம் அக்கா கையில்தான். சம்பளத்தை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டு, காப்பிச் செலவுக்குக் காசு கேட்டு வாங்கிக்கொள்ளுகிற மனிதர் அவர்.

நான் போன அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுப் பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். அக்கா தன் செல்போனை அவனிடம் நீட்டினாள். கூடவே மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினாள். அவன் அதைப் பார்த்து எதையோ தட்டினான். பால்காரருக்குப் போகவேண்டிய மாதப் பணம் போய்ச் சேர்ந்தது. பையன் போனபிறகு அந்தக் காகிதத்தில் என்ன என்று கேட்டேன். பாங்குக் கணக்கின் ரகசிய எண்!

"அதைப் போய் இன்னொருத்தருக்குக் காட்டலாமா அக்கா?"

"நல்ல பையன்டா."

"நல்ல பையனாகவே இருக்கட்டும். நீயே செய்தால் என்ன?"

அக்கா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். ராத்திரி சாப்பாடெல்லாம் ஆனபிறகுதான் விஷயம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு வரையில் அவளேதான் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் பால்காரருக்கு 2,300 ரூபாய் அனுப்பப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். திரையில் ஒரு வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் போயிற்றா, இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு தடவையும் பணம் போய்விட்டது. பால்காரர் யோக்கியர், அடுத்த மாதக் கணக்கில் கழித்துக்கொண்டார். ஆக, ஒரு காசு நஷ்டமில்லை.

"பணத்துக்காக இல்ல தம்பி. எனக்கு மூளை மழுங்கிப்போச்சுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பெரியவன்கிட்ட சொல்லிடாதே. என்னை அங்கே வந்து இருன்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவின் கவலை ஒரு பக்கம். அதோடு, முன்பு வாசித்த ஒரு புத்தகத்தின் ஞாபகமும் வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகு நாளாக உத்தேசம். 'நாவல் எழுதுகிறவனுக்குக் கதவையும் அடுப்பையும் பற்றிய புத்தகத்தில் என்ன வேலை?' என்று நண்பர்கள் கேட்பார்கள் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப்போடுவதில் நியாயம் இல்லை.

டொனால்டு நார்மன் என்கிற அமெரிக்கர் எழுதியது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான்டியாகோ கிளையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தவர். புத்தகம் 1988-இல் வெளிவந்தபோது 'அன்றாடப் பொருள்களின் மனோதத்துவம்' என்று அதற்குப் பெயர். இரண்டு வருஷத்தில் 'தி டிசைன் ஆஃப் எவரிடே திங்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2013-இல் அவரே திருத்தி, விரித்து எழுதி மறு பதிப்புக் கொண்டுவந்தார். இன்று கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் திரைகளை வடிவமைக்கிற இளைஞர்களுக்கு இது கிட்டத்தட்டப் பாட புத்தகம். பாட புத்தகம் என்றதும் வாசகர்கள் பயப்பட வேண்டாம். எரிச்சல்பட்ட ஒரு புத்திசாலி, தமக்கு எரிச்சல் மூட்டிய சாமான்களைப் பற்றிப் பேசுகிற பேச்சு இது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் சிறிது காலம் தங்கியிருந்தபோது அங்குள்ள மின்விளக்கு ஸ்விச்சுகளும் தண்ணீர்க் குழாய்களும் அவரைப் படாத பாடு படுத்தியிருக்கின்றன. அந்தக் கோபம் இப்படிப் புத்தகமாகப் பலன் கொடுத்திருக்கிறது.

மேலட்டையில் ஒரு காப்பிப் பாத்திரத்தின் படம். ஜாக் கரல்மான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் வேடிக்கைக்காகக் கற்பனை செய்தது. பாத்திரத்தின் மூக்கும் கைப்பிடியும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிடித்துச் சாய்த்தால் கொதிக்கிற காப்பி பிடித்தவன் கையிலேயே விழும். காப்பி குடிக்கிற நம் ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

நார்மன் கதவிலிருந்து தொடங்குகிறார். கதவு என்ன பெரிய யந்திரம்? தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இழுக்க வேண்டும். இதற்குமேல் அதில் சூட்சுமம் இல்லை. அப்படியிருந்தும் படித்தவர்கள், பெரியவர்கள், பேராசிரியர்கள் கதவின் முன்னால் நின்று தவிக்கிறார்கள். ஏன்? தள்ள வேண்டிய பக்கத்தில் இழுக்கிற மாதிரி ஒரு பிடியை வைத்துவிடுகிறார்கள். கை அந்தப் பிடியைப் பார்க்கிறது, இழுக்கிறது. பிறகு மேலே 'தள்ளு' என்று ஒரு பலகை மாட்டுகிறார்கள். ஒரு கதவுக்குப் பலகை தேவைப்பட்டால் அந்தக் கதவு தோற்றுப்போன கதவு என்பது நார்மன் கட்சி. இன்றைக்கு அப்படிப்பட்ட கதவுகளுக்கு அவர் பெயரையே வைத்து 'நார்மன் கதவு' என்கிறார்கள். பாவம், கதவுகளைத் திட்டியவர் பெயர் கதவுகளுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கும் இந்தக் கதவு அனுபவம் உண்டு. சென்னையில் ஒரு மண்டபத்தில் நாவலைப் பற்றி ஒரு மணி நேரம் கம்பீரமாகப் பேசிவிட்டு வெளியே வருகையில் கண்ணாடிக் கதவை இழு இழு என்று இழுத்தேன். அது அசையவில்லை. பின்னால் வந்த ஒரு பெண் ஒற்றை விரலால் தள்ளித் திறந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கார் ஏறுகிறவரையில் காது சூடாகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தக் காது சூடுதான் புத்தகத்தின் உண்மையான விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாமானைக் கையாளத் தெரியாமல் தவறு செய்கிறவர்கள் சாமானைக் குறை சொல்லுவதில்லை, தங்களையே நொந்துகொள்ளுகிறார்கள். வெட்கப்பட்டு மறைத்தும் வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் மறைத்து வைப்பதால், எல்லோரும் அதே இடத்தில்தான் வழுக்குகிறோம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. இப்படி இரண்டு மூன்று தடவை தோற்றவன், முயன்று என்ன பயன் என்று கையை விரித்துவிடுகிறான். கற்றுக்கொண்ட கையாலாகாத்தனம் என்று மனோதத்துவக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அக்காவின் கண்ணாடிக் கூட்டிலிருந்த காகிதத் துண்டு அதுதான்.

நார்மன் தம் கருத்துகளுக்குக் கொடுக்கிற கலைச் சொற்கள் பல. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. 'அஃபோர்டன்ஸ்' என்ற சொல்லை கிப்ஸன் என்ற இன்னொரு மனோதத்துவக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு பொருள் நமக்கு எதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்பது அதன் அர்த்தம். திண்ணை உட்கார இடம் கொடுக்கிறது, படுக்கவும் கொடுக்கிறது. வடிவமைப்பாளர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் பிரயோகிக்கத் தொடங்கவே, 2013 பதிப்பில் அவரே தலையிட்டு, நீங்கள் சொல்லுவது அதுவல்ல, அதற்குக் 'குறிப்பு' என்று பெயர் என்று வேறொரு சொல்லைக் கொண்டுவந்தார். இடம் இருந்தால் மட்டும் போதாது. இருக்கிறது என்று தெரியவேண்டும். தன் சொல் கைவிட்டுப் போனதை ஓர் ஆசிரியர் ஒப்புக்கொண்டு திருத்துவது அபூர்வம். எனக்கு அவர்மேல் மதிப்பு உயர்ந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று 'பொருத்தம்'. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். அடுப்புக்கு ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா? நாலு அடுப்புகள் சதுரமாக இருக்கின்றன; அவற்றின் குமிழ்கள் நாலும் முன்னால் ஒரே வரிசையில் இருக்கின்றன. எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு? 24 விதமாகச் சேர்த்து வைக்கலாம். அடுப்புகளையே கொஞ்சம் விலக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் குமிழுக்கு நேராகத் தெரிகிறபடி செய்துவிட்டால் குழப்பமே இல்லை. எங்கள் வீட்டில் வெகு காலம் இரட்டை அடுப்புதான். இடது குமிழ் இடது அடுப்பு, வலது குமிழ் வலது அடுப்பு. நாலு அடுப்பு வந்தபிறகு என் மனைவி காலிப் பாத்திரத்தின் அடியில் ஒரு தடவையாவது நெருப்பு மூட்டாத வாரம் கிடையாது. 'எனக்கு வயசாயிடுச்சு' என்கிறாள். பாருங்கள், இங்கேயும் அதே பேச்சு.

குளிர்பதனப் பெட்டியைப் பற்றிய பகுதி இன்னும் நேர்த்தி. அவர் வீட்டுப் பெட்டியில் இரண்டு அறை, இரண்டு குமிழ். அறைக்கொரு குமிழ் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உள்ளே இருப்பதோ ஒரே ஒரு குளிரூட்டும் யந்திரம். ஒரு குமிழ் மொத்தக் குளிரை நிர்ணயிக்கிறது, மற்றது அதை இரண்டு அறைக்கும் பங்கிடுகிறது. நம் மனத்தில் ஒரு படம். யந்திரத்தின் வயிற்றில் வேறொரு படம். வடிவமைத்தவன் பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல முடியாது. அவன் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தச் சாமானே சொல்லியாக வேண்டும். இதை வாசித்தபோது ஒரு நாவலாசிரியனாக எனக்குப் பகீர் என்றது. நாமும் வாசகர் பக்கத்தில் நின்றுகொண்டு, 'நான் இந்த அத்தியாயத்தில் உத்தேசித்தது இது' என்று சொல்ல முடியாதே! வாசகருக்குப் புரியவில்லை என்றால் வாசகரைக் குறை சொல்லுகிற வழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாக உண்டு.

ஆனால் அக்காவின் விஷயத்துக்கு நேரே வந்து பொருந்துகிறது இன்னொரு கருத்து. நாம் ஒன்றைச் செய்தால், செய்தது நடந்ததா என்று சாமான் நமக்குப் பதில் சொல்லவேண்டும். உடனே சொல்லவேண்டும், உள்ளதைச் சொல்லவேண்டும். இதைக் கதவையும் அடுப்பையும் வைத்துப் பேசும்போது சில்லறை விஷயமாகத் தோன்றலாம். நார்மன் இந்தத் துறைக்குள் இழுக்கப்பட்டது சில்லறை விஷயத்தால் அல்ல.

1979 மார்ச் 28. பென்ஸில்வேனியாவில் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர வைக்கிற தண்ணீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டது என்று அர்த்தம் கொடுத்தது. விளக்குப் பொய் சொன்னதா? முழுப் பொய்யும் இல்லை. 'மூடு' என்ற உத்தரவு வால்வுக்குப் போயிற்று என்பதைத்தான் அந்த விளக்கு காட்டும்படி அமைத்திருந்தார்கள். வால்வு மூடிற்றா என்று அதற்குத் தெரியாது. அறையில் இருந்தவர்கள் விளக்கை நம்பினார்கள். உள்ளே தண்ணீர் அதிகம் என்று எண்ணி, அவசரத்துக்கு உள்ளே பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரையும் குறைத்தார்கள். உலையின் உட்பகுதியில் பாதியளவு உருகிப்போயிற்று. 'இயக்கியவர்கள் செய்த தவறு' என்று முதலில் பேச்சு எழுந்தது. இவர்கள் ஏன் தவறு செய்தார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். போய்ப் பார்த்தவர், ஆட்கள் மேல் குற்றமில்லை, வேண்டுமென்றே தவறு செய்யவைக்க ஓர் அறை கட்டவேண்டுமென்றால் இதைவிட நன்றாகக் கட்டமுடியாது என்கிற அபிப்பிராயத்தோடு திரும்பினார்.

உத்தரவு போயிற்று என்பது ஒன்று. காரியம் நடந்தது என்பது வேறு. அக்காவின் செல்போனில் சுற்றிய வளையமும் அந்த விளக்கின் ஜாதிதான். சொல்லப்போனால் விளக்கைவிட மட்டம்; அது இரண்டில் எதையுமே சொல்லவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு மாறான ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இப்போது காய்கறிக் கடையிலும் டீக்கடையிலும் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் செல்போனில் பணம் அனுப்பினால், இத்தனை ரூபாய் வந்தது என்று அது உரக்கத் தமிழில் சொல்லுகிறது. கடைக்காரர் கையில் ஈரம். எதிரே நாலு பேர். திரையைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. காது சும்மாதானே இருக்கிறது? உத்தரவு போனதைச் சொல்லாமல், பணம் வந்து சேர்ந்ததைச் சொல்லுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நார்மன் பார்த்தால் சந்தோஷப்படுவார். வாங்குகிறவருக்குக் கிடைத்த இந்தச் சௌகரியம் கொடுக்கிறவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

புத்தகத்தின் பெருமையைச் சொன்னேன். எனக்குச் சம்மதமில்லாத இடங்களும் இருக்கின்றன. சொன்னதையே சொல்லுகிறார். புதிய பதிப்பில் கம்பெனிகளின் காரியாலய நடைமுறைகளைப் பற்றி வருகிற கடைசிப் பகுதி, விருந்து முடிந்தபிறகும் பேசிக்கொண்டிருக்கிற விருந்தாளியைப் போல அலுப்புத் தட்டுகிறது. அழகைப் பற்றி முதல் பதிப்பில் அநேகமாகப் பேசவேயில்லை. சௌகரியமாயிருந்தால் போதும் என்று வாதாடுகிறாரோ என்று சந்தேகம் வருகிறது. அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். 2004-இல் அழகையும் உணர்ச்சியையும் பற்றித் தனியாக 'எமோஷனல் டிசைன்' என்று ஒரு புத்தகம் எழுதி ஈடு செய்தார்.

1993-இல் அவர் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தபோது தம் பதவிக்குத் தாமே 'பயனர் அனுபவம்' என்கிற தொடரைச் சேர்த்து ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அந்தத் தொடர் இன்று உலகம் முழுதும் ஒரு தொழிலின் பெயராகிவிட்டது. ஒரு மனிதரைப் பயனர் என்று கூப்பிடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. பயனர் என்ற சொல்லுக்கு முகமில்லை, ஊரில்லை, மூட்டுவலி இல்லை. பிற்காலத்தில் நார்மனே, பயனர் என்று சொல்லாதீர்கள், மனிதர்கள் என்று சொல்லுங்கள் என்று மன்றாடி எழுதியிருக்கிறார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த முகமில்லாத பயனருக்கு முகம் கொடுக்க முயன்றவர் ஆலன் கூப்பர். இவர் மனோதத்துவக்காரர் இல்லை. கம்ப்யூட்டர் நிரல் எழுதியவர். 1999-இல் வந்த இவருடைய புத்தகத்தின் தலைப்பு, பைத்தியக்கார ஆஸ்பத்திரியை நோயாளிகளே நடத்துகிறார்கள் என்று அர்த்தம் கொடுக்கும். தலைப்பே அவர் சுபாவத்தைக் காட்டிவிடுகிறது. அவர் சொல்லுவது இது: பயனர் என்ற சொல் ரப்பர் மாதிரி. நிரல் எழுதுகிறவன் தன் சௌகரியத்துக்கு அதை இழுத்துக்கொள்ளுகிறான். காலையில் பயனர் மகா மேதாவி. மத்தியானம் பயனர் ஒன்றும் தெரியாதவர். அதற்குப் பதிலாக ஒரே ஓர் ஆளைக் கற்பனை செய்யுங்கள். பெயர் வையுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு அந்த ஒருவருக்காக மட்டும் சாமானைச் செய்யுங்கள். ஒருவருக்குச் சரியாகப் பொருந்தினால் மற்றவர்களுக்கும் பொருந்தும். விமானச் சிப்பந்திகளுக்காகச் செய்த சக்கரப் பெட்டியைத்தானே இன்று எல்லோரும் இழுத்துக்கொண்டு போகிறோம்?

இதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாத்திரப் படைப்பு! நாங்கள் இத்தனை காலமாகக் கூலி அதிகமில்லாமல் செய்துவருகிற வேலை!

ஆகாய விமானத்தில் இருக்கைக்கு முன்னால் சினிமா பார்க்கிற திரை ஒன்றை வடிவமைக்கிற வேலை கூப்பரின் குழுவுக்கு வந்தது. அதற்காக அவர்கள் படைத்த பாத்திரங்களில் ஒருவர் கிளெவிஸ் மக்கிளவுட். டெக்ஸாஸ்காரர், கிழவர், சிடுசிடுப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கை விரல்களில் லேசாக மூட்டுவாதம். அதைப் பற்றிக் கொஞ்சம் கூச்சம். மற்றவர்களை விட்டுவிட்டு இந்தக் கிழவருக்காகவே திரையைச் செய்தார்கள். பட்டியலுக்குள் பட்டியல் என்று நுழைந்து தேடுகிற தொல்லை இல்லாமல், சினிமாப் படங்களின் அட்டைகள் ஒரே வரிசையில் நகர்ந்துகொண்டு போகும். அதை நகர்த்தத் திரைக்குக் கீழே பழைய ரேடியோவில் இருப்பது போல ஒரு குமிழ். கிளெவிஸுக்கு ரேடியோ தெரியுமே! பக்கத்து இருக்கையிலிருக்கும் வாலிபருக்கும் அது சௌகரியமாகவே இருக்கும்.

இதில் உயிர் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மூட்டுவாதத்தில் இல்லை. மூட்டுவாதம் எந்த வைத்தியர் குறிப்பிலும் இருக்கும். கூச்சத்தில் இருக்கிறது. தன் கையை அடுத்தவர் பார்த்துவிடுவாரோ என்று மடக்கிக்கொள்ளுகிற கிழவர் ஒரு மனிதர். கூப்பருக்கு அது தெரிந்தே வந்ததோ, தற்செயலாக வந்ததோ, அந்த ஒரு வார்த்தையால் கிளெவிஸ் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். இன்று கம்பெனிகளில் சுவரில் ஒட்டிவைக்கிற கற்பனை மனிதர்களில் சிலதை எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் காட்டினார். வயது, வருமானம், பொழுதுபோக்கு, சிரித்த முகமாக ஒரு போட்டோ. எல்லாம் இருக்கிறது. யாருக்கும் வெட்கம் என்பதே இல்லை. மட்டமான தொடர்கதையில் வருகிற கதாநாயகர்கள்கூட இவ்வளவு மரக்கட்டைகள் இல்லை. ஒரு பணம் அனுப்பும் செயலியைச் செய்தவர்கள், மகனுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிற ஒரு கிழவியைக் கற்பனை செய்திருந்தால், அந்த வளையத்தைச் சும்மா சுற்றவிட்டிருப்பார்களா?

நார்மன் மீது எனக்குள்ள பெரிய குறை வேறு. அவர் புத்தகத்தில் வில்லன் கிடையாது. வடிவமைப்பாளர்கள் யோசிக்காதவர்கள், அவசரக்காரர்கள், பரிசு வாங்க ஆசைப்படுகிறவர்கள், கெட்டவர்கள் இல்லை. வேண்டுமென்றே கஷ்டமாகச் செய்த சாமான்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஆனால் அவை நல்ல எண்ணத்தோடு செய்தவை. ஊனமுற்ற குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் தனியாகத் தெருவுக்கு ஓடிவிடாமலிருக்கக் கதவில் எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தது போல. மனித சுபாவத்தை இவ்வளவு நுட்பமாகத் தெரிந்துகொண்ட பிறகு அதையே வைத்து மனிதர்களைப் பிடித்துப் போடலாமே என்று ஒருவருக்குத் தோன்றாதா? தோன்றியிருக்கிறது. ஹாரி பிரிக்னல் என்ற ஆங்கிலேயர் 2010-இல் இந்த வித்தைகளுக்கு 'இருண்ட வடிவங்கள்' என்று பெயர் சூட்டி, ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தத் தொடங்கினார்.

இவற்றில் என் நெஞ்சில் தைத்தது ஒன்று. அமேஸான் கம்பெனியின் 'பிரைம்' சந்தாவை நிறுத்துகிற வழி பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குப் போட்டது. சேருவது சுலபம், விலகுவதற்கு 4 பக்கம், 6 அழுத்தல், 15 தேர்வு தாண்டியாக வேண்டியிருந்தது என்பது புகார். அந்த வழிக்குக் கம்பெனிக்குள்ளே வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றும் புகாரில் இருந்தது. ஹோமரின் மகா காவியம்! ட்ராய் நகர யுத்தம் போல முடிவில்லாமல் நீளுகிறது என்ற வேடிக்கையாம். காவியம் முடிகிறபோதும் யுத்தம் முடிவதில்லை என்பதை நினைத்தால் பெயர் பொருத்தந்தான். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. அதில் 150 கோடி, சந்தாதாரர்களுக்குத் திருப்பித் தர. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நிச்சயம் இலக்கியம் படித்தவர். அது எனக்கு வருத்தமாயிருக்கிறது.

நம் இந்திய சர்க்காரும் 2023 நவம்பரில் இத்தகைய வித்தைகள் பதின்மூன்றைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. கேட்காத சாமானைக் கூடையில் நுழைத்துவிடுவது, 'இன்னும் இரண்டுதான் பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, இப்படி. அதில் மூன்றாவது, வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைப்பது. விமான டிக்கெட் வாங்குகிறவர் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றால், 'எனக்குப் பாதுகாப்பு வேண்டாம்' என்கிற தோரணையில் ஒரு வாசகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தியாக வேண்டும். மனிதனின் வெட்கம் எங்கே இருக்கிறது என்று கூப்பர் தேடினார், அங்கே கை படாமல் காப்பாற்றுவதற்கு. இவர்களும் அதே இடத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், அழுத்துவதற்கு.

நார்மனின் புத்தகம் இதைச் சொல்லவில்லை என்பதால் அது சிறிய புத்தகமாகிவிடாது. குற்றம் உன்மேல் இல்லை என்று கோடிக்கணக்கான பேர்களிடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். இதற்கு முன்பு அதை அவர்களிடம் யார் சொன்னார்கள்?

மறுநாள் காலையில் அக்காவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கதவு, அடுப்பு, அணு உலை, டெக்ஸாஸ் கிழவர் எல்லோரும் வந்தார்கள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அவள் முகத்தில் பெரிய மாறுதல் ஒன்றும் தெரியவில்லை. 'தம்பி நம்மைத் தேற்றுகிறான்' என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அலுத்துப்போய், "சரி, நீ வாத்தியாரா இருந்தப்போ வகுப்புல நாற்பது பிள்ளைகளும் ஒரே கணக்கைத் தப்பாப் போட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது? நான் சரியா நடத்தலைன்னு அர்த்தம். மறுபடியும் நடத்துவேன்."

சொல்லிவிட்டுக் கீரையை ஆய்வதை நிறுத்தினாள்.

"அந்த வளையத்துல மத்தவங்களும் மாட்டிக்கிறாங்களாடா?"

"நானே மாட்டியிருக்கேன் அக்கா. இரண்டு தடவை."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!"

நான் என்ன பதில் சொல்லுவேன்? நாவலாசிரியன், உலகம் தெரிந்தவன் என்று பெயர். வெளியே சொல்ல வெட்கமாயிருந்தது.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்துப் பேசினாள். பாங்கில் போய் ரகசிய எண்ணை மாற்றிக்கொண்டாளாம். புதிய எண்ணைக் காகிதத்தில் எழுதவில்லை. பையன் இப்போதும் வருகிறான்; அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பால்காரருக்குத் தானே பணம் அனுப்புகிறாள். வளையம் சுற்றத் தொடங்கினால் செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற பழைய டெலிபோனில் அவரைக் கூப்பிட்டு, "வந்துடுச்சாப்பா?" என்று கேட்கிறாளாம்.